பாடுகிறவன் காது

நம் சங்கீதத்தின் சரித்திரம் தொண்டைகளின் சரித்திரமாகவே எழுதப்பட்டிருக்கிறது. யார் எத்தனை கட்டையில் பாடினார், எந்த ராகத்தை எவ்வளவு நேரம் விஸ்தரித்தார் என்பதற்கெல்லாம் குறிப்புகள் உண்டு. பாடிக்கொண்டிருந்தபோது அவருக்கு என்ன கேட்டது என்பதை நம் விமர்சகர்கள் பொருட்படுத்தியதில்லை.

எனக்கு இந்தக் கேள்வி என் பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவர் ஒத்து ஊதியவர். ஒத்து பார்வைக்கு நாகஸ்வரம் போலவே இருக்கும். விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அடிப்பக்கத்துத் துளைகளில் மெழுகை அடைத்துச் சுருதி சேர்த்துக்கொண்டு, மூச்சை உள்ளிழுக்கும்போதும் சத்தம் அறாமல், இரவு முழுக்க ஒரே ஸ்வரத்தை ஊதவேண்டும். மாயவரத்து வீதிகளில் தவிலுக்கும் வேட்டுக்கும் நடுவே நாயனக்காரருக்குச் சுருதி கேட்கவேண்டும் என்பதற்காகவே ஒரு மனிதன் அவரை ஒட்டி நடந்தான். பாட்டுக் கச்சேரியில் இதே காரியத்தைத் தம்பூரா பின்னால் இருந்து செய்தது.

மைக் வருவதற்கு முன்பு கூட்டத்துக்குக் கேட்பதும் பாடகனுக்குக் கேட்பதும் ஒரே சத்தம்தான். கிட்டப்பாவும், இதே ஊரில் 1910இல் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் உச்ச ஸ்தாயியில் பாடியதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. கொட்டகையின் கடைசி வரிசையும் ஒரு காரணம். 1930களில் மைக் பரவியது. 1939இல் திருச்சி வானொலி நிலையம் வந்தது. நாலு, ஐந்து கட்டையில் நின்ற ஆண் குரல்கள் மெல்ல ஒன்று, ஒன்றரைக்கு இறங்கின. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை உரத்துக் கூவும் திமிரியை விட்டு, நீளமான, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாயனத்தை நிலைநாட்டியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். குரல் இறங்கியதால் நுணுக்கம் கூடியது என்பார்கள். சரிதான். ஆனால் அன்றைக்குத்தான் பாடகனின் குரல் அவனைவிட்டுப் பிரிந்து, கம்பத்தில் கட்டிய குழாய்க்குப் போயிற்று. தன் குரலின் எதிரொலியைச் சற்றுத் தாமதமாகக் கேட்பவன் ஆனான் அவன்.

மேடையில் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிதாரும் ஏறியபோது அதுவும் போயிற்று. 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55 ஆயிரம் பேரின் கூச்சலுக்கு எதிரில் பீட்டில்ஸ் பாடினார்கள். தாங்கள் பாடுவது தங்களுக்கே கேட்காமல் பாடினார்கள். பிறகு பாடகனைப் பார்த்து ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியைச் சாய்த்து வைத்தார்கள். அதன் சத்தத்தைக் கூட்டினால் அது மைக்குக்குள் புகுந்து ஊளையிடும், குறைத்தால் கேட்காது. இந்தச் சங்கடத்துக்கு முடிவாகக் காதுக்குள்ளேயே சொருகும் கருவி வந்தது. வான் ஹேலன் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி அதற்கென்று 1995இல் ஒரு கம்பெனியே தொடங்கினார்.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா மேடைக்கு அது வருவதற்கு இன்னும் பல வருஷங்கள் பிடித்தன. அதைக் கொண்டுவந்தவன் என் தங்கை மகன். மெல்லிசைக் குழுவில் பாடுகிறவன். சீசன் முடிவதற்குள் வருஷாவருஷம் அவன் தொண்டை கட்டிப்போகும். டாக்டர் பாடாதே என்றார். தன் குரல் கேட்காததால்தான் கத்தியிருக்கிறான் என்பது பிறகுதான் புரிந்தது. சொந்தக் காசில் ஒரு ஜோடி வாங்கினான். மைக் செட்காரர் மிக்ஸரில் சும்மா கிடந்த ஒரு வழியிலிருந்து வயர் இழுத்து, அவன் இடுப்பில் சொருகியிருந்த சின்னப் பெட்டிக்குக் கொடுத்தார். முதல் பாட்டு முடிந்ததும் மேடையோரம் வந்து, "மாமா, இன்னிக்குத்தான் என் குரல் எனக்கே கேக்குது" என்றான். பதினோரு வருஷமாகப் பாடுகிறவன் சொன்னது இது.

அன்றிரவு ஒன்பதரை மணிக்குச் சுவாமி புறப்பாடு மேடைப் பக்கம் திரும்பியது. நாயனம் வரும்போது பாட்டை நிறுத்துவது எங்கள் தெரு வழக்கம். வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கூட்டம் எழுந்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு இவன் மட்டும் பாடிக்கொண்டிருந்தான். வாத்தியம் நின்றதை மைக் செட்காரரின் தவறு என்று நினைத்தானாம். நான் மேடையேறித் தோளைத் தொட்டேன். காதிலிருந்ததைப் பிடுங்கியவன் முகம் வெளுத்துப்போனதை இன்னும் மறக்கவில்லை. அந்தப் புறப்பாட்டிலும் ஒத்துக்காரர் இல்லை. நாயனக்காரருக்குப் பக்கத்தில் மின்சாரச் சுருதிப் பெட்டி போயிற்று.

இதற்குப் பழமை பேச நான் தயாரில்லை. பெரியப்பாவுக்குக் கிடைத்த கூலி என்ன, பந்தியில் அவர் கடைசியாக உட்கார்ந்தது ஏன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒத்துக்காரர் ஒழிந்தாரே என்று கண்ணீர் விடுகிறவர்கள் யாரும் தங்கள் பிள்ளையை அந்த வேலைக்கு அனுப்பமாட்டார்கள். ஆனால் அவர் சுருதியோடு தெருவையும் கேட்டார். தேர் திரும்புவதும், வேட்டு வைக்கப்போவதும் முதலில் அவருக்குத்தான் தெரியும். முழங்கையால் நாயனக்காரரை லேசாக இடிப்பார். சுருதியைச் சாதனத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டோம். அந்த இடியை மாற்றிக் கொடுக்கவில்லை.

மறுவருஷம் மைக் செட்காரரே ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய மைக் ஒன்றைக் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தி, அதன் சத்தத்தையும் இவன் காதுக்கு அனுப்பினார். பெரிய மேடைகளில் வெகுநாளாகச் செய்வதுதான். கைதட்டல், குழந்தை அழுகை, சுண்டல் விற்பவர் குரல் எல்லாம் கேட்கிறது என்கிறான். தொண்டையும் கட்டவில்லை. எவ்வளவு கேட்கவேண்டும் என்பதற்கு மிக்ஸரில் ஒரு குமிழ் இருக்கிறது. பாட்டு நடுவில் ஜனங்கள் அதிகமாகப் பேசினால், இவன் மைக் செட்காரரைப் பார்த்து விரலைக் கீழே காட்டுகிறான்.