மௌனப்படத்திலிருந்து பேசும்படத்திற்கு: திரையீட்டுத் தொழில்நுட்ப மாற்றத்தின் தாமதம்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் 1931 ஓர் எல்லைக்கோடாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' சென்னையில் வெளியானது. எனினும் மௌனப்படங்கள் உடனே மறையவில்லை. 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மௌனப்படம் 1933இல் வெளிவந்தது. இத்தாமதத்தைத் திரையீட்டாளர்களின் பழமைப்பற்றாக விளக்குவது பொருந்தாது என்பதைத் திருச்சிராப்பள்ளியின் தொடக்ககாலத் திரையீடு காட்டுகிறது.

திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் துண்டுப்படங்களையும் வாங்கி, வேலையைத் துறந்து ஊர் ஊராகப் படம் காட்டினார். புதுமையை ஏற்க அவர் தயங்கவில்லை. அக்கருவிக்குப் பிறரின் துணை மிகுதியாகத் தேவைப்படவில்லை. கூடாரத்தில் திரை கட்டிக் கையால் சுழற்றினால் படம் ஓடியது. கதையை விளக்குபவர் அந்தந்த ஊர் மொழியில் பேசினார்.

பேசும்படம் இவ்விரு வசதிகளையும் நீக்கியது. படச்சுருளின் ஓரத்தில் பதிந்த ஒலியைச் சரியாகக் கேட்க, சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் என்னும் மாறா வேகத்தில் ஓட வேண்டும். கைவேகம் மாறினால் குரலும் மாறும். எனவே மோட்டார், ஒலிபெருக்கி, தடையற்ற மின்சாரம் ஆகியவை தேவையாயின. மேலும் பேசும்படம் ஒரு மொழிக்கு உரியது. 1934 வரை சென்னையில் ஒலிப்பதிவுக்கூடம் இல்லாமையால் தமிழ்ப்படங்கள் பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் உருவாயின. அவை எண்ணிக்கையில் குறைவு. காட்டுவதற்குப் படமில்லாத நிலையில் கருவியை மாற்றுவது முதலை இழப்பதாகவே அமையும்.

1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை நிறுவிய வின்சென்ட், 1933இல் கல்கத்தாவில் உருவான 'வள்ளி திருமணம்' பேசும்படத் தயாரிப்பில் பங்கேற்றார். 1934இல் 'பவளக்கொடி' வழியாகத் திருச்சி நாடக மேடையின் எம்.கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தார். படங்களும் பாடகர்களும் பெருகிய பின்னரே கருவி மாற்றம் வருவாய் தருவதாயிற்று.

இணையக் காணொளியிலும் இதே போக்கைக் காணலாம். எச்.டி.எம்.எல் 5 தரம் 2014இல் இறுதியாக்கப்பட்ட பின்னும் ஃபிளாஷ் 2020 இறுதிவரை நீடித்தது. பயனர்களின் பழைய உலாவிகளும், காணொளிக் குறியாக்க வடிவம் பற்றி உலாவி நிறுவனங்களிடையே நிலவிய கருத்து வேறுபாடும் இணையதளங்களின் கைக்கு அப்பாற்பட்டவையாக இருந்தன. ஆகவே தொழில்நுட்பத் தாமதத்தை ஆராய்வோர், கருவியை வைத்திருப்பவரின் மனப்பாங்கைவிட அக்கருவி சார்ந்திருக்கும் புறக்கட்டமைப்பை முதலில் நோக்குவதே தகும்.