பக்கத்தில் உட்கார்ந்தவர்

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் ரூமுக்குத் திரும்பும்போது காதில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். பாதி கேட்பேன், பாதி தூங்குவேன். அப்படி ஒரு விடிகாலையில் இட்சாக் பெர்ல்மனின் வயலின் ஓடியது. நடுவில் ஓர் இடத்தில் வயலின் நின்றுவிட, பியானோ மட்டும் கொஞ்ச தூரம் தனியாக நடந்து போய், வயலினைக் கூட்டிக்கொண்டு வந்தது. தூக்கம் போய்விட்டது. யார் இந்த ஆள்? கீழே சின்ன எழுத்தில் பெயர் இருந்தது: ரோஹன் டி சில்வா. தேடிப் பார்த்தால், நம்ம பக்கத்து இலங்கைக்காரர்!

முதலில் அம்மா பிரிம்ரோஸ் டி சில்வாவிடமும், பிறகு மேரி பில்லிமோரியாவிடமும் பியானோ கற்றவர். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் ஆறு வருடம் படித்தார். அடுத்து நியூயார்க்கின் ஜூலியார்ட். அங்கே அனுப்பியது இலங்கை ஜனாதிபதி நிதியத்தின் உதவித்தொகை. ஜூலியார்டில் பியானோ வகுப்போடு நிற்காமல், வயலின் ஆசிரியை டோரதி டிலேயோடும் நெருங்கி வேலை பார்த்தார். 1990-இல் மாஸ்கோவில் ஒன்பதாவது சைக்கோவ்ஸ்கி போட்டியில் அவருக்குச் சிறப்புப் பரிசு கிடைத்தது. எதற்கு? சிறந்த பக்கவாத்தியத்துக்கு. மறுவருடமே ஜூலியார்டில் ஆசிரியர். 2007-இல் எலிசபெத் ராணிக்கு வெள்ளை மாளிகையில் விருந்து வைத்தபோது பெர்ல்மனோடு வாசித்தார்.

இவ்வளவு இருந்தும் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘பெர்ல்மனோட பியானிஸ்ட்’ என்றுதான் தொடங்குகிறார்கள். இந்த ‘ஓட’ எப்போது வந்தது?

ஆரம்பத்தில் கதை தலைகீழாக இருந்திருக்கிறது. 1778-இல் பாரிஸில் வெளியான மோட்சார்ட்டின் ஆறு சொனாட்டாக்களின் தலைப்புப் பக்கம், அவற்றை வயலின் பக்கவாத்தியத்தோடு கூடிய கீபோர்டு சொனாட்டாக்கள் என்றே சொல்கிறது. அப்போது வயலின்தான் பக்கத்தில் நின்றது. 1803-இல் பீத்தோவனின் ‘குரூட்சர்’ சொனாட்டா வந்தபோது இரண்டும் சரிக்குச் சரியாக மல்லுக்கட்டின. பிறகு வயலின் நட்சத்திரங்கள் ஊர் ஊராகப் போய் வாசிக்கத் தொடங்கினார்கள். சுவரொட்டியில் ஒரு பெயர் பெரிதாகி, இன்னொன்று சிறுத்தது. அதே காலத்தையொட்டி நம்ம சென்னைப் பக்கம் பாலுசுவாமி தீட்சிதர் அந்த வயலினைக் கற்று கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இங்கே அது பாட்டுக்குப் பக்கவாத்தியம் ஆனது. ஒரே பெட்டிதான். ஓர் ஊரில் ராஜா, இன்னோர் ஊரில் துணை. யார் பக்கத்தில் உட்காருவது என்பதை வாத்தியம் முடிவு செய்வதில்லை.

இங்கிலாந்தின் ஜெரால்ட் மூர், துணைக்கு வாசிப்பதையே தன் முழுநேர வேலையாக வைத்துக்கொண்ட பியானிஸ்ட். சுயசரிதைக்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘நான் ரொம்பச் சத்தமா வாசிக்கிறேனா?’ சிரிப்பு வருகிறது. கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

இந்த வேலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வயலின்காரர் முன்னால் இருக்கும் தாளில் பொதுவாக வயலின் வரி மட்டும்தான். பியானோக்காரரின் தாளில் இரண்டு பேருடையதும் இருக்கும்; மேலே வயலின், கீழே தன் இரண்டு கைகள். முழுப் பாட்டையும் பார்த்துக்கொண்டு வாசிக்கிறவர் அவர்தான். அதோடு, வயலின்காரர் தன் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். பியானோக்காரர் பெரும்பாலும் போகிற ஊரில் என்ன பியானோ இருக்கிறதோ அதோடு அன்று சாயங்காலத்துக்குள் பழகியாக வேண்டும்.

இதை நான் எழுதக் காரணம் இருக்கிறது. நான் இருப்பது கார் கம்பெனியில் இல்லை, கார் கம்பெனிக்கு ஒயரிங் செய்து கொடுக்கும் வெண்டர் கம்பெனியில். ஆறு வருஷமாக கான்ட்ராக்ட். லைனில் யார் லீவு போட்டாலும் அந்த இடத்தில் என்னை நிறுத்துவார்கள். எந்த போர்டில் எந்த ஒயர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் பெர்மனென்ட் பற்றிக் கேட்டதற்கு, “நீ சப்போர்ட்தானப்பா” என்றார்கள்.

ரோஹன் டி சில்வாவையும் என்னையும் ஒன்றாக வைக்கவில்லை. அவர் பெயர் சின்ன எழுத்திலாவது அச்சாகிறது. 2005-இல் துணைக் கலைஞர்களுக்கென்றே உள்ள சாமுவேல் சாண்டர்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. எங்கள் ஒயர் கட்டில் ஒட்டுகிற லேபிளில் பார்ட் நம்பர் மட்டும் இருக்கும். அவர் வரலாற்றைப் படித்ததால் என் சம்பளம் ஏறப்போவதில்லை. ஆனால் ‘சப்போர்ட்’ என்ற சொல்லைக் கேட்டால் முன்பு தலை குனியும். இப்போது, முழுத் தாளும் யார் கையில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. அடுத்த முறை ஆபீஸுக்குள் போகும்போது அதைக் கேட்கத்தான் போகிறேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா ரோட்டைக் காட்டி, “இதுல எதுடா நீ செஞ்ச காரு?” என்று கேட்டாள். எப்போதும் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த முறை ஒரு வண்டியைக் காட்டினேன்.

“அந்தக் கதவுக்குள்ள ஒரு ஒயர் கட்டு இருக்கும்மா. கண்ணாடி ஏறி எறங்குறது அதாலதான்.”

வண்டி வளைவில் திரும்பும்வரை அம்மா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.