குழலுக்குள் பார்த்தால் தெரியும்

ஒரு துப்பாக்கியை யாரை நம்பிச் செய்தார்கள் என்பது அதன் குழலுக்குள் பார்த்தால் தெரிந்துவிடும். போலீஸ் ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஊர் கச்சிராயபாளையம் பக்கம், வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையின் அடிவாரம்.

எங்கள் ஆயுதக் கிடங்கில் நான் அதிகம் தொட்டது திரீ நாட் திரீ. கொல்கத்தாவை அடுத்த ஈஷாப்பூரில் 1907-க்குப் பிறகு செய்யத் தொடங்கிய லீ-என்ஃபீல்டு. நாலு கிலோ எடை, பத்துத் தோட்டா மேகசின். குழலுக்குள் ஐந்து வரிகள் இடப்பக்கமாகச் சுற்றி ஓடும். அந்த வரிகளைக் கவ்விச் சுழன்று போவதால்தான் குண்டு நேரே போகிறது.

பயரிங்கில் ஒரு ரைஃபிள் குறியைச் சிதறடித்தால் எல்லோரும் குழலைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் மரத்தில் இருக்கும். முன்கட்டை ஈரத்தில் உப்பிக் குழலை ஒரு பக்கம் நெருக்கும். அதைக் கழற்றி, உரசும் இடத்தை மட்டும் நூலளவு சீவி, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூடு ஏறத் தேய்த்து ஊறவிட வேண்டும். பழைய தோட்டாவின் கேப் மருந்து குழலில் உப்பை விட்டுப் போகும். எண்ணெய்க்கு அது கரையாது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே புல்-த்ரூ என்ற துடைக்கும் கயிற்றில் எண்ணெய்த் துணி. கயிறு கோணலாக இழுபட்டால் குழல்வாய் தேய்ந்து, பிறகு எந்தக் கைவேலையும் உதவாது. பக்குவமாகச் சேர்த்த ரைஃபிள் நூறு கெஜத்தில் ஐந்து குண்டையும் ஒரே இடத்தில் குவிக்கும்போது கிடைக்கும் நிறைவு பெரியது.

அதே கிடங்கில் அதே உருவத்தில் இன்னொன்று நிற்கும்: ஃபோர் டென் மஸ்கட். அதுவும் ஈஷாப்பூர் வேலைதான், ஆனால் குழலுக்குள் வரியே கிடையாது. 1857-க்குப் பிறகு வெள்ளைக்காரன் இந்தியர் கையில் நல்ல ரைஃபிளைக் கொடுக்க அஞ்சினான். பட்டாளத்துக்கு ஒன்று, ஊர்க்காவலுக்கும் சிறைக்காவலுக்கும் தூரம் போகாத இன்னொன்று என்று பிரித்துவைத்தான்.

மலைக்காரருக்கு அதற்கும் கீழ்ப்படி. 1878 ஆயுதச் சட்டம் லைசென்ஸ் கேட்டது. ஐரோப்பியருக்கும் குடகர்களுக்கும் விலக்கு தந்தது, கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகளுக்குத் தரவில்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மலை இது; 1976-ல்தான் அரசின் நேர் நிர்வாகத்துக்கு வந்தது. சாமையையும் மரவள்ளியையும் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்ற, வாய்வழியே மருந்தும் பால்ரஸ் குண்டும் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிதான் இவர்களுக்கு வாய்த்தது. 1959 சட்டம் பயிர்க்காவலுக்கென அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடம் வைத்தது. ஆனால் மலையிலிருந்து இறங்கி மனுப் போட்டு வாங்கியவர்களைவிட, கேட்காமலே வைத்திருந்தவர்கள் அதிகம் என்பதே என் எண்ணம். 1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு, வேட்டை வழக்கும் சேர்ந்துகொண்டது.

பிடிபட்ட நாட்டுத் துப்பாக்கிகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். சிலவற்றில் கட்டையைச் செதுக்கிய கை தேர்ந்த ஆசாரியின் கை. ஆனால் அவற்றைச் சீர் செய்யக் கூடாது. இற்றுப்போன குழலில் மருந்து இடிப்பது சுடுகிறவன் முகத்துக்கே ஆபத்து.

லைசென்ஸ் இல்லாமல் வீட்டிலோ புதரிலோ வைத்திருப்பவர்கள், போலீஸ் அறிவிப்புச் செய்யும்போது ஊர்க் கவுண்டர் வழியாகவாவது ஒப்படைத்துவிடுங்கள். அதிகாரிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதுபோல, ஒப்படைக்கப்படும் துப்பாக்கிகளை உருக்குவதற்கு முன், பழையதாக ஒன்றிரண்டை எடுத்து, மருந்துத் துளையை வெல்டிங் வைத்து அடைத்து, எந்த ஊர் என்று எழுதி, வெள்ளிமலையிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்.