அவுரியும் அனிலீனும்: அமீன்களின் வரலாற்றில் ஒரு வட்டம்

இரசாயன நூல்களில் அமீன்கள் பற்றிய அத்தியாயம் பெரும்பாலும் சமன்பாடுகளோடு தொடங்கிச் சமன்பாடுகளோடே முடிவுறுகின்றது. ஆயின், அச்சமன்பாடுகளுக்குப் பின்னே ஆய்வுகூடங்கள் மட்டுமன்றி, வயல்களும் உழவர் குடிசைகளும் மறைந்து கிடக்கின்றன. அனிலீன் என்னும் ஓர் அமீனின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

1826 இல் உன்வெர்டோர்பன் என்னும் ஜேர்மனியர், அவுரிச் செடியினின்று பெறப்படும் நீலச்சாயத்தை வெப்பத்தாற் சிதைத்து வடித்து, எண்ணெய் போன்ற திரவமொன்றைப் பெற்றார். 1834 இல் ருங்கே நிலக்கரித்தாரிலிருந்தும், 1840 இல் பிரிட்சே நீலத்தை எரிபொற்றாசுடன் சூடாக்கியும், 1842 இல் சினின் நைத்திரோபென்சீனைத் தாழ்த்தியும் அவ்வகைத் திரவங்களைப் பெற்றனர். நால்வரும் நான்கு பெயர்களை இட்டனர். நான்கும் ஒரே பொருளே என 1843 இல் ஒப்மன் நிறுவினார். நிலைத்தது பிரிட்சே இட்ட அனிலீன் என்னும் பெயரே. அவுரியைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லான 'அனில்' இப்பெயருக்கு மூலம். அச்சொல்லோ அரபு மொழி வழியாக 'நீல' என்னும் வடசொல்லிலிருந்து சென்றதாகும்.

1849 இல் வூர்ட்ஸ் எதைலமீன் முதலியவற்றைக் கண்டறிந்தார். 1850 இல் ஒப்மன், அமோனியாவின் ஐதரசன் அணுக்களை ஒவ்வொன்றாக அற்கைற் கூட்டங்களாற் பதிலீடு செய்யலாம் எனக் காட்டினார். முதல், வழி, புடை அமீன்கள் என நாம் இன்று வகுப்பதற்கு இதுவே அடிப்படை. இவ்வியல்புகளுக்குக் காரணம் நைதரசன் அணுவின் தனிச்சோடி இலத்திரன்கள் என்பது பின்னரே விளங்கிற்று. அச்சோடி அமிலத்தின் புரோத்தனை ஏற்பதால் உப்புத் தோன்றுகின்றது. அனிலீனில் அது பென்சீன் வளையத்தினுட் பரவிவிடுவதால், அனிலீன் அமோனியாவிலும் மென்மையான மூலமாகின்றது. ஆனால் வளையம் தாக்கத்துக்கு எளிதில் இடங்கொடுக்கின்றது.

1856 இல் ஒப்மனின் மாணவரான பேர்க்கின், தமது பதினெட்டாம் வயதில், குயினைனைத் தொகுக்க முயன்றபோது, தூய்மையற்ற அனிலீனைப் பொற்றாசியம் இருகுறோமேற்றினால் ஒட்சியேற்றி ஊதாச்சாயத்தைப் பெற்றார். 1858 இல் கிறீஸ் ஈரசோச் சேர்வைகளைக் கண்டறிந்தார். குளிர்ந்த நிலையில் நைத்திரசமிலத்துடன் அனிலீன் தரும் ஈரசோனியம் உப்பு, பீனோல்களுடன் இணைந்து அசோச் சாயங்களைத் தருவது. இவ்வாறு ஒரு பெருங்கைத்தொழில் எழுந்தது.

இறுதியில் அக்கைத்தொழில் அவுரியையே நாடிற்று. 1897 இல் பாஸ்வ் நிறுவனம் நப்தலீனிலிருந்து செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1901 இல் பிளேகர் கண்ட முறையால், அனிலீனிலிருந்தே நீலத்தை இலாபகரமாக ஆக்கவும் இயன்றது. நீலத்திற் பிறந்த பொருள் நீலத்தைப் பிறப்பித்தது, வட்டம் முற்றுப்பெற்றது.

வட்டத்துக்கு வெளியே நின்றவர் பீகாரின் சம்பாரண் உழவர். தமது நிலத்தின் இருபதில் மூன்று பங்கில் அவுரி பயிரிடும் கட்டாயம் அவர்மீது முன்னரே இருந்தது. செயற்கை நீலத்தால் விலை வீழ்ந்தபோது, தோட்டத்துரைமார் அக்கட்டாயத்தினின்று விடுவிப்பதற்கு ஈடாகக் குத்தகையை உயர்த்தித் தம் நட்டத்தை உழவர்மீது சுமத்தினர். 1917 இல் காந்தியடிகள் அங்கு சென்று விசாரித்ததும், 1918 இல் அக்கட்டாய முறை சட்டத்தால் ஒழிந்ததும் வரலாறு.

ஆலைத் தொழிலாளரும் இதற்கு விலை கொடுத்தனர். 1895 இல் பிராங்போட் நகரச் சத்திரவைத்தியர் றென், செஞ்சாய ஆலைத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அனிலீனைவிட, 2-நப்தைலமீன், பென்சிடீன் ஆகிய அமீன்களே முதன்மையான காரணிகள் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஒரு சோடி இலத்திரன்கள் உழவனையும் அறியா, முதலாளியையும் அறியா. அவற்றின் தாக்கங்களை வரையறுப்பது இயற்கை. பயனையும் பளுவையும் பங்கிடுவதோ மனிதன். சமன்பாட்டின் வலப்புறத்தில் விளைபொருளை எழுதி அமையும் மாணவர், அவ்விளைபொருள் எவர் வயலைச் சென்றடைந்தது எனவும் வினவுவாராயின், இரசாயனம் அவருக்கு முழுமையான கல்வியாகும்.