கவிஞர் வந்தார், கதவைத் திறந்தது யார்?

புகழ்பெற்ற கவிஞர் ஒருவர் உள்ளூர் நூலகத்தில் கவிதை வாசிக்கிறார் என்றால் சுவரொட்டியில் அவர் படம்தான் பெரிதாக இருக்கும். அந்த நூலகத்துக்குள் நுழையும் உரிமை யாருக்கு இருந்தது, அதை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்பது சுவரொட்டியில் வராது. நாம் தேட வேண்டிய வரலாறு அதுதான்.

1920களில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ரிச்சர்ட் ரைட் என்ற கறுப்பின இளைஞர் வெள்ளையர் நூலகத்தில் புத்தகம் எடுக்க முடியாது. உடன் வேலை செய்த ஒரு வெள்ளையரின் அட்டையை வாங்கினார். அவரே எழுதியதுபோல ஒரு சீட்டை எழுதிக்கொண்டு, எடுபிடியாக நடித்துப் புத்தகம் வாங்கினார். தன்வரலாற்றில் இதை அவரே சொல்கிறார். படிப்பதற்கே பொய் சொல்ல வேண்டியிருந்தது! 1927இல் அவர் சிகாகோவுக்குப் போனார்.

சிகாகோ நூலக வாரியத்தில் ஜார்ஜ் கிளீவ்லண்ட் ஹால் என்ற கறுப்பின மருத்துவர் இருந்தார். கறுப்பின மக்கள் வாழ்ந்த தெற்குப் பகுதிக்கு முழுமையான கிளை நூலகம் வேண்டுமென்று வற்புறுத்தியவர் அவர். 1932 ஜனவரியில் அது திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. நூலகம் அவர் பெயரைத் தாங்கியது. தலைமை நூலகராக வந்தவர் விவியன் ஹார்ஷ். அந்நகரப் பொது நூலகத் துறையின் முதல் கறுப்பின நூலகர்.

ஹார்ஷ் இரண்டு வேலைகள் செய்தார். கறுப்பின வரலாறு, இலக்கியம் பற்றிய நூல்களைத் தனித் தொகுப்பாகச் சேர்த்தார். 1933 முதல் நூல் விமர்சன, சொற்பொழிவு அரங்கு நடத்தினார். லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கே வந்தார். பின்னாளில், 1950இல், புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞரான குவெண்டலின் புரூக்ஸும் வந்தார். மெம்ஃபிஸில் பொய்ச் சீட்டு எழுதிய ரைட்டும் பேச்சாளராக வந்தார்.

கைதட்டலோடு அந்தக் கூட்டங்கள் முடியவில்லை. ஹியூஸின் தட்டச்சுப் பிரதியும் ரைட்டின் கையெழுத்துப் பிரதியும் அந்தத் தொகுப்பில் சேர்ந்தன. இன்று அது ஹார்ஷின் பெயரிலேயே, சிகாகோவின் கார்ட்டர் வுட்சன் நூலகத்தில் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது.

இதனால் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில், டூகலூ கல்லூரியின் ஒன்பது மாணவர்கள் வெள்ளையர் நூலகத்தில் அமைதியாக உட்கார்ந்து படித்தார்கள். காவல்துறை அவர்களைக் கைது செய்தது. உங்கள் வயதுதான் அவர்களுக்கும்.

1919இல் சவுத்பரோ குழுவின் முன் அம்பேத்கர் பிரதிநிதித்துவம் கேட்டதன் பொருள் இங்கே விளங்கும். வாரியத்தில் ஒரு ஹால் இல்லாமல் அந்தத் தெருவுக்கு நூலகம் வந்திருக்குமா? மேசைக்குப் பின்னால் ஒரு ஹார்ஷ் இல்லாமல் அந்தத் தொகுப்பு சேர்ந்திருக்குமா?

தோழர்களே, உங்கள் ஊர் நூலகத்துக்குக் கவிஞர் வந்தால் அவசியம் போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள். நூலகம் ஊர்த்தெருவில் இருக்கிறதா, காலனிக்காரர்களும் தயங்காமல் போகும் இடத்தில் இருக்கிறதா? புத்தகங்களைத் தேர்வு செய்வது யார்? நம் எழுத்தாளர்களின் கையெழுத்துப் பிரதிகளை எந்த அலமாரி காப்பாற்றுகிறது?

கவிஞர் ஒரு மாலை மட்டுமே இருப்பார். அலமாரி தலைமுறைகளுக்கு இருக்கும்.