கரிசல் வட்டாரத்தில் நுரையீரல் தொற்றும் மருந்தெதிர்ப்பும்: சளிப் பரிசோதனையின் இடம்

கீழ்ச்சுவாசப் பாதையைத் தாக்கும் பாக்டீரியாக்கள் எல்லாம் ஒரே வழியில் மருந்தை எதிர்ப்பதில்லை. நிமோகாக்கஸ், பெனிசிலின் பற்றிக்கொள்ளும் புரதத்தின் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. அந்தப் பற்று தளருமே தவிர முற்றிலும் அறுவதில்லை. எனவே அமாக்சிசிலின் அளவைக் கூட்டினால் பெரும்பாலும் நோய் பணியும். கிளெப்சியெல்லா அப்படியன்று. மருந்தையே சிதைக்கும் நொதிகளை அது உண்டாக்குவதால் அளவைக் கூட்டிப் பயனில்லை. கார்பபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் என்டிஎம்-1 நொதி சென்னை நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளிலும் இருப்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆக, எந்தக் கிருமி என்று அறியாமல் கொடுக்கும் மருந்து குறி தவறக்கூடியது.

கரிசல் வட்டாரத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளில் இருமலுக்குக் காரணங்கள் பல: கோடைப் புழுதி, பஞ்சாலைத் தூசி, வேலிக்கருவைக் கரிமூட்டத்தின் புகை. அடுக்கிய விறகை மண்பூசி மூடி நாள்கணக்கில் புகையவிடுகிறார்கள். வெடிப்பு கண்ட இடத்தை உடனே மண்ணால் அடைக்க ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இப்படிப் புகை குடித்த நுரையீரலில் ஹீமோஃபிலஸும் நிமோகாக்கஸும் எளிதில் குடியேறும். ஆனால் அந்த இருமல் எல்லாமே பாக்டீரியாவால் வருவதல்ல. மெடிக்கலில் மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கி, காய்ச்சல் விட்டதும் வேலைக்குத் திரும்பும் வழக்கத்தில் இந்த வேறுபாடு அடிபட்டுப்போகிறது. நோய் காசநோயாக இருந்தால் கேடு இன்னும் பெரிது: லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்து இருமலைச் சற்றுத் தணித்து, நோயறிதலைத் தள்ளிப்போடும், தனியாக நீடித்துக் கொடுத்தால் எதிர்ப்பையும் வளர்க்கும்.

காசநோய்த் துறை இந்தப் பாடத்தை முன்பே கற்றது. பிரிட்டனில் 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், அந்த மருந்தைத் தனியாகப் பெற்ற பலரிடம் எதிர்ப்புக் கிருமிகள் தோன்றின. அதன்பின் கூட்டு மருந்து முறை வந்தது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே கூட்டு மருந்து உண்டவர்களின் முன்னேற்றத்தைச் சளிப் பரிசோதனையைக் கொண்டு அளந்தது. அந்தப் பழக்கம் நிமோனியாவுக்கு வரவில்லை என்பதே இங்குள்ள பெருங்குறை.

வளர்ப்புச் சோதனை முடிவு வர இரண்டு மூன்று நாளாகும், மூச்சுத் திணறுபவர் அதுவரை காத்திருக்க முடியாது என்பது நியாயமான மறுப்பு. காத்திருக்கத் தேவையில்லை. முதல் ஊசிக்கு முன் சளியை எடுத்துவிட்டு, சிகிச்சையைத் தொடங்கி, முடிவு வந்ததும் மருந்தை மாற்றினால் போதும். வாயைக் கொப்பளித்து, ஆழ இருமி எடுத்த சளியே பயன்படும். நுண்ணோக்கியில் சீழணுக்கள் மிகுந்தும் வாயின் மேல்தோல் அணுக்கள் குறைந்தும் தெரிய வேண்டும். எச்சிலைச் சோதித்தால் தவறான கிருமியே கிடைக்கும்.

மருந்து விற்பனைக்கும் கட்டுப்பாடு உண்டு: 2014 மார்ச் முதல் நடப்பிலுள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், கார்பபெனெம், காசநோய் மருந்துகள் ஆகியவற்றின் விற்பனையைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். தேவையான விதிதான், ஆனால் அது விற்பனையைக் காட்டுமே ஒழிய, கிருமியைக் காட்டாது. சளி வளர்ப்பும் மருந்து உணர்திறன் சோதனையும் வட்ட மருத்துவமனை அளவிலேயே அன்றாடப் பணியாக வேண்டும். கரிசல் வட்டாரத்தில் முதலில் செய்ய வேண்டியது இதுவே.