காண்ட்டின் கருத்துமுதல்வாதமும் பகுப்பாய்வு மெய்யியலின் தோற்றமும்

இடமும் காலமும் பொருள்களின் இயல்புகள் அல்ல, நாம் பொருள்களைக் காணும் முறைக்கு உரியவை. பொருள் தன்னளவில் எப்படிப்பட்டது என்பது நம் அறிவுக்கு எட்டாது. இம்மானுவேல் காண்ட் 1781இல் நிறுவிய கடந்தநிலைக் கருத்துமுதல்வாதத்தின் சாரம் இது. கணிதத்தின் உறுதிக்கும் அவர் இதையே அடிப்படையாக்கினார்.

பகுப்பாய்வு மெய்யியல் காண்ட்டை உதறிப் பிறந்தது என்பார்கள். அது பாதி உண்மையே. கோட்லொப் ஃபிரேகெ 1884இல் எண்கணிதத்தைத் தருக்கத்திலிருந்தே பெறலாம் என்று காண்ட்டை மறுத்தார். வடிவகணிதத்தில் அவரையே ஏற்றார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 1897ஆம் ஆண்டு வடிவகணித நூலும் காண்ட்டின் வழியில் நடந்ததுதான். முறிவு அதன்பின் கேம்பிரிட்ஜில் நேர்ந்தது. ஜி. இ. மூர் 1903இல் வெளியிட்ட ‘கருத்துமுதல்வாத மறுப்பு’ கட்டுரையில், நீலத்தை உணர்வது வேறு, நீலம் வேறு என்றார். அந்த அடி காண்ட்டைவிட, உணரப்படுவதே இருப்பு என்ற பார்க்லியின் மீதே விழுந்தது; கட்டுரையில் பிழைகள் உண்டென்று மூரே பின்னர் ஒப்புக்கொண்டார். ரஸ்ஸலும் அதே ஆண்டு வெளியிட்ட கணித நூலில் காண்ட்டைக் கைவிட்டார்: இடமும் காலமும் மனத்தின் முறை என்றால், கணிதம் உலகைப் பற்றியதாக இராமல் நம்மைப் பற்றியதாகிவிடும்.

உலகம் மனத்தைச் சாராத உண்மையா என்ற இதே கேள்வி தமிழர்களிடையேயும் உண்டு. 1904இல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத் தமிழர்கள் விவேகானந்தா ஆசிரமத்தை நிறுவினார்கள். அதே வட்டாரத்தில், ஸ்காட் சாலைப் பக்கம், அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் இருக்கிறது. விவேகானந்தர் போற்றிய அத்வைதத்துக்கு உலகம் இறுதி உண்மையல்ல. யாழ்ப்பாணத் தமிழர்களின் குலச்சமயமான சைவ சித்தாந்தத்துக்கோ உலகம் உள்பொருள். இந்தப் பிணக்கு கேம்பிரிட்ஜுக்கு வெகுகாலம் மூத்தது. 13ஆம் நூற்றாண்டில் சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அறிவு மட்டுமே உண்டு, புறப்பொருள் இல்லை என்ற யோகாசார பௌத்தரை மறுத்தார். மூர் பின்னாளில் தாக்கியதும் ஏறத்தாழ இந்தக் கொள்கையைத்தான்.

ஆனால் சித்தாந்தம் மூரோடு நின்றுவிடுவதில்லை. உயிர் தானே அறியாது. கலை, வித்தை, அராகம், காலம், நியதி போன்ற தத்துவங்கள் கூடினால்தான் அறியும். காலத்தை அறிவுக்கு நிபந்தனையாக்கும் இந்த இடம் காண்ட்டுக்கு மிக அருகே வருகிறது. வேறுபாடு ஒன்றே, ஆனால் பெரிது: சித்தாந்தத்தில் காலம், உலகின் மூலப்பொருளான மாயையிலிருந்து தோன்றும் உள்பொருள், காண்பவரின் முறை அல்ல.

பகுப்பாய்வு மரபும் காண்ட்டிடம் திரும்பியது. லுட்விக் விட்கன்ஸ்டைன் 1921இல், காண்ட் அறிவுக்கு இட்ட எல்லையை மொழிக்கு இட்டார். பீட்டர் ஸ்ட்ராசன் 1966இல் அனுபவத்தின் நிபந்தனைகளை ஏற்று, அவற்றோடு வந்த கருத்துமுதல்வாதத்தைத் தள்ளினார். சித்தாந்தி பெரிதும் உடன்படக்கூடிய நிலை அது.